மழை பொய்த்த ஆண்டில் வெயிலும் ஏன் கூடுதலாகச் சுடுகிறது?

காரைக்குடிப் பக்கத்தில் மழை குறைந்த ஆண்டுகளில் வெயிலும் கடுமையாவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வறட்சியும் வெப்பமும் ஒன்றையொன்று வளர்ப்பதே காரணம். கண்மாயில் ஈரம் இருக்கும்வரை வெயிலின் ஆற்றலில் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. வண்டல் பாளம் பாளமாக வெடித்து, விளிம்புகள் ஓடுபோல் சுருண்டுவிட்ட பிறகு, அதே ஆற்றல் தரையையும் காற்றையும் நேராகச் சூடாக்குகிறது. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைக் கொள்ளும் என்பதால், எஞ்சிய ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்கிறது.

2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவை மழைமானியே காட்டிவிடும். ஆனால் ஊருணி வற்றும் வேகத்தை, வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும் என்பது என் உறுதியான கருத்து. உலக அளவில் வறட்சியும் கடும் வெப்பமும் ஒருசேர நிகழ்வது மனிதச் செயல்களால் அதிகரித்துள்ளதாக காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.