டெய்சிப் பூ எண்ணெய் புளித்த வாடை அடிக்கிறதா?

முழங்கால் ரத்தக்கட்டுக்காக டெய்சிப் பூவைப் பறித்த கையோடு எண்ணெயில் ஊறப்போட்டீர்கள், இப்போது கலங்கிப் புளித்த வாடை வருகிறது என்கிறீர்கள். அதைக் கொட்டிவிடுங்கள், வடிகட்டினாலும் தேறாது. பூவின் ஈரம் அடியில் தங்கினால் கிருமி வளரும். அடுத்த முறை நிழலில் உலர்த்துங்கள். நடுவிலுள்ள மஞ்சள் பகுதிதான் கடைசியில் காயும். கிள்ளினால் மொறுமொறுவென உதிர வேண்டும், அதுவரை அவசரப்படாதீர்கள்.

ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் ரத்தக்கட்டு, சுளுக்குக்கு இதை நெடுங்காலமாகத் தடவுகிறார்கள். மருத்துவ ஆய்வுச் சான்று குறைவுதான். தோல் கிழிந்த இடத்தில் வேண்டவே வேண்டாம். சாமந்தி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் அரிக்கலாம், இரண்டும் ஒரே குடும்பம். முழங்கை உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். வீக்கம் கூடினாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.