100 சிசியா, 125 சிசியா?

கேள்வி: வண்டலூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்குச் செல்கிறேன், போக வர 40 கி.மீ. மனைவியைக் குரோம்பேட்டையில் இறக்கிவிட வேண்டும். என் உயரம் 5 அடி 3 அங்குலம். 100 சிசி வண்டி போதுமா, 125 சிசி வாங்குவதா?

பதில்: உங்களுக்கு 125 சிசியே பொருத்தம் என்பது என் கருத்து. விவரப் பட்டியலில் பலரும் முதலில் தேடுவது குதிரைத்திறனை. ஆனால் ஜிஎஸ்டி சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் உங்களுக்கு அதைவிட முக்கியமானது டார்க் எனப்படும் முறுக்குவிசையும், அது எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற கணக்கில்) கிடைக்கிறது என்பதும்தான். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் 97.2 சிசி எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் 8.05 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஹோண்டா ஷைன் 125-இன் 123.94 சிசி எஞ்சினோ அதே 6000 ஆர்பிஎம்மில் 11 நியூட்டன் மீட்டர் தருகிறது. வண்டிகளின் எடையோ முறையே 112, 113 கிலோ என ஏறத்தாழ ஒன்றுதான். அதாவது, அதே சுமையை இழுக்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் விசை கிடைக்கிறது. இருவர் அமர்ந்து மேம்பாலம் ஏறும்போது அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியிருக்காது. ஸ்பிளெண்டரில் நான்கு கியர், ஷைனில் ஐந்து.

மைலேஜ் குறையுமே என்று தயங்க வேண்டாம். 100 சிசி வண்டி லிட்டருக்கு 65 கி.மீ., 125 சிசி வண்டி 55 கி.மீ. தருவதாகக் கொண்டால், மாதம் 26 நாள் ஓட்டத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 3 லிட்டர் பெட்ரோல்தான். தனியாக மட்டுமே செல்பவராயின் 100 சிசியையே சொல்லியிருப்பேன்.

இருக்கை உயரம் முறையே 785, 791 மி.மீ. என்பதால் உயரக் கவலை இரண்டுக்கும் பொதுவானது. ஷோரூமில் உட்கார்ந்து இரு பாதங்களும் தரையில் படிகின்றனவா என்று பாருங்கள்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும் சிபிஎஸ் ஏற்பாடு இவ்வகை வண்டிகளில் இருக்கும். ஆனால் அது டிரம் பிரேக்கை (மூடிய உருளைக்குள் பிடிப்பது) டிஸ்க் பிரேக்காக (வெளியே தெரியும் வட்டத் தகட்டைப் பிடிப்பது) மாற்றிவிடாது. மழைக்காலத்தில் தேங்கிய நீரைக் கடந்தபின் ஈரமான டிரம் பிரேக் சற்று நேரம் சரியாகப் பிடிப்பதில்லை. டிஸ்க்கில் நீர் விரைவில் வழிந்துவிடும். ஆகவே, முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ள வகையையே கேளுங்கள். டெஸ்ட் ரைடுக்கு மனைவியையும் அழைத்துச் சென்று, அவரைப் பின்னால் அமர்த்தியே ஓட்டிப் பாருங்கள்.