‘அங்க ஊசி போடுவாங்களா?’ என்று பிள்ளை கேட்டால்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஆறு வயது. குடலிறக்கம் என்று சொல்லி, மே முதல் வாரம் மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் கரையில் விளையாடும்போது சிப்பி கிழித்து, பாதத்தில் தையல் போட வேண்டி வந்தது. நான்கு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் போட்டார்கள். அதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே அலறுகிறான். ‘சித்தி வீட்டுக்குப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருவோம்’ என்கிறார் மாமியார். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். பெரியவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட அன்று மயங்கி விழுந்துவிட்டாள். பையனிடம் சொல்லலாமா, வேண்டாமா?

பதில்: சொல்லிவிடுங்கள் அம்மா. சித்தி வீடு என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் அவனுக்கு எப்படியும் தெரிந்துவிடும். அந்த நிமிடம் அவனுக்கு ஊசியும் பயம், பக்கத்தில் நிற்கும் அம்மாவும் பயம். அடுத்த முறை நிஜமாகவே சித்தி வீட்டுக்குக் கிளம்பினாலும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு சிறுமியிடம், ‘சும்மா பார்க்கத்தான் போறோம்’ என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். தட்டில் ஊசியைப் பார்த்ததும் அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

உங்கள் மகனுக்கு இப்போது இருப்பது வலியின் பயம் மட்டும் இல்லை. என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, கையைக் காலை அசைக்க விடவில்லை, ‘நிறுத்துங்க’ என்று கத்தியும் யாரும் நிறுத்தவில்லை. அந்தக் கையாலாகாத நிலைதான் அவன் உடம்பில் தங்கியிருக்கிறது. ஆகவே இந்த முறை அவனுக்கு இரண்டு வேண்டும்: என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரிய வேண்டும், தன் கையில் ஏதாவது ஒன்று இருக்கிறது என்ற தெம்பு வேண்டும்.

எப்போது சொல்வது? ஆறு வயதுக்கு மூன்று நான்கு நாள் முன்னால் சரியாக இருக்கும். ரொம்ப முன்னால் சொன்னால் தினமும் அதையே நினைத்துப் புழுங்குவான். மூன்று வயதுக் குழந்தை என்றால் முதல் நாள் போதும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் கூடத் தேவைப்படும். ஆனால் வீட்டில் பெரியவர்கள் பேசியதை அவன் ஏற்கெனவே காதில் வாங்கியிருந்தால் காத்திருக்காதீர்கள். இன்றே உட்கார்ந்து பேசுங்கள்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “உனக்கு அடிவயித்துல புடைச்சுக்கிட்டு வருதுல்ல, அதை டாக்டர் சரி பண்ணப் போறாங்க. அதுக்கு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறோம். அங்க ஒரு மருந்து குடுப்பாங்க. அது குடுக்கிற தூக்கம் ராத்திரி தூங்குற மாதிரி இல்ல, வேற தூக்கம். டாக்டர் சரி பண்றப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது, வலிக்காது. வேலை முடிஞ்சதும் முழிச்சிருவ.” ‘வேற தூக்கம்’ என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துக்க வீட்டில் பிள்ளைகளிடம் ‘தாத்தா தூங்குறாரு’ என்று நாம்தான் சொல்லி வைத்திருப்போம். ‘தூங்க வச்சிருவாங்க’ என்று மொட்டையாகச் சொன்னால் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் முடிச்சுப் போடும் என்று நமக்குத் தெரியாது. ‘முழிக்கிறப்ப அம்மா பக்கத்துல இருப்பேன்’ என்பதை மட்டும், ஆஸ்பத்திரியில் கேட்டு உறுதிசெய்த பிறகு சொல்லுங்கள்.

‘வலிக்குமா?’ என்று கேட்பான். ‘வலிக்கவே வலிக்காது’ வேண்டாம். ‘எறும்பு கடிக்கிற மாதிரிதான்’ என்பதும் வேண்டாம். எறும்பு கடித்தால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். “ஊசி போடுறப்ப கொஞ்ச நேரம் சுருக்குன்னு இருக்கும். எப்படி இருந்துச்சுன்னு நீதான் எனக்குச் சொல்லணும்” என்று விட்டுவிடுங்கள். அப்படிச் சொல்லிவைத்திருந்த ஒரு பையன் ஊசி முடிந்ததும் கண்ணீரோடு யோசித்துவிட்டு, ‘நண்டு கிள்ளுனதுதான் ரொம்ப’ என்றான். வலியை அளந்து பார்க்கிற வேலை கிடைத்தால் பிள்ளைகள் அதைப் பொறுப்பாகச் செய்வார்கள்.

ஒன்றை இன்றோடு வீட்டில் நிறுத்த வேண்டும். ‘சோறு சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்.’ அப்பத்தா, மாமா, பக்கத்து வீடு, யார் சொன்னாலும் கண்டிப்பாகச் சொல்லி நிறுத்துங்கள். வருடம் முழுக்க ஊசியைத் தண்டனை என்று சொல்லிவிட்டு ஒருநாள் மட்டும் அது நல்லது என்றால் பிள்ளை எப்படி நம்பும்?

அடுத்தது விளையாட்டு. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் புரிவதைவிட விளையாடிப் புரிவது அதிகம். மருந்துக்கடையில் ஊசி முனை இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். தண்ணீரை இழுத்துச் செடிக்குப் பீய்ச்சட்டும். அப்புறம் ஒரு பொம்மைக்கோ தலையணைக்கோ அவனே டாக்டராகி ஊசி போடட்டும். நோயாளி அழுதால் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். அமுக்கிப் பிடித்து மிரட்டினான் என்றால் போன வருடம் தனக்கு நடந்ததைத்தான் நடித்துக் காட்டுகிறான். திருத்த வேண்டாம், நடிக்க விடுங்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அவனே பொம்மையைத் தட்டிக்கொடுக்க ஆரம்பிக்கலாம். ஒரு காகிதக் கப்பை மூக்கு, வாய் மேல் வைத்து ‘மாஸ்க்’ விளையாட்டும் விளையாடுங்கள். மயக்க மருந்தை மாஸ்க் வழியாகக் கொடுத்தால் அது பழகிய பொருளாக இருக்கும்.

மருந்து ஏற்றுவதற்குக் கை நரம்பில் ‘வென்ஃப்ளான்’ என்ற குழாய் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஊசி கையிலேயே குத்தியபடி இருக்கிறது என்று நினைத்துக் கையை அசைக்கவே பயப்படுகிற பிள்ளைகள் உண்டு. போட்டதும் ஊசியை உருவி எடுத்துவிடுவார்கள், உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

குத்தும் நேரத்துக்கு மூச்சு உதவும். ‘ஆழமா மூச்சு விடு’ என்றால் பிள்ளைக்குப் புரியாது. ஊதச் சொன்னால் புரியும். ஒரு பனையோலைக் காத்தாடி செய்து கொண்டுபோங்கள். நிறுத்தாமல் சுற்ற வேண்டும் என்றால் மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். அது இல்லாத இடத்தில் பாம்பன் பாலம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி நேராக மேலே எழும்பி, கப்பல் போனதும் இறங்குவதை உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. மூச்சை இழுக்கும்போது பாலம் மேலே, விடும்போது மெல்லக் கீழே. இரவு படுக்கும்போது பழகுங்கள்.

பிடிக்கும் முறையை மாற்றுங்கள். தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், பெற்றோர் கூடவே இருக்க வேண்டும், சின்னக் குழந்தையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும், பெரிய பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்கினால் எந்தப் பிள்ளையும் திமிறும். உங்கள் மடியில், நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்து அணைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை மட்டும் நர்ஸ் பக்கம் இருக்கட்டும். ‘சிஸ்டர், மடியில வச்சுக்கிறேன், போன தடவை ரொம்பப் பயந்துட்டான்’ என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். தோலை மரத்துப்போக வைக்கும் கிரீம் ஒன்றும் உண்டு. ஊசிக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் தடவி மூடிவைக்க வேண்டும். நீங்களாக வாங்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

எந்தக் கை என்று அவன் சொல்லட்டும், பார்க்கிறானா கண்ணை மூடுகிறானா என்பதும் அவன் இஷ்டம். ‘ஊசி போடலாமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்; வேண்டாம் என்றால் அதை நம்மால் ஏற்க முடியாது. ‘ஆம்பளைப் பையன் அழலாமா’ என்பதும் வேண்டாம். கையை ஆட்டாமல் வைப்பது அவன் வேலை, அழுவதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்று: அரைஞாண் கயிறு. ஏர்வாடியில் மந்திரித்த கயிறோ ஓரியூரில் வாங்கிய ஜெபமாலையோ, ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்முன் கழற்றச் சொல்வார்கள். காவல் என்று சொல்லிக் கட்டியதை அந்த நேரத்தில் யாரோ கத்தரித்தால் பிள்ளை கலங்கிப்போவான். முதல் நாளே வீட்டில் நீங்களே கழற்றி, ‘அம்மா பத்திரமா வச்சிருக்கேன், முடிஞ்சதும் கட்டிருவோம்’ என்று உங்கள் பர்சில் அவன் கண்முன்னே வையுங்கள்.

வயிற்றைக் காலியாக வைக்கச் சொல்வார்கள். பொதுவாகச் சோறு, பால் ஆறு மணி நேரத்துக்கு முன்னும், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்னும் நிற்க வேண்டும். உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்லும் நேரமே கணக்கு. முதல் நாளே மதுரை போய்த் தங்கிவிடுங்கள். அழுகிறானே என்று கூட வந்த உறவுக்காரர் ஒரு பிஸ்கட் கொடுத்தால் ஆபரேஷனே தள்ளிப்போகும், எல்லாவற்றையும் அவன் திரும்ப முதலிலிருந்து தாங்க வேண்டும்.

உங்கள் தேதி ஒரு விதத்தில் நல்ல தேதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் இருக்கும். அவன் அப்பாவையும் கூட்டிப்போங்கள். அன்றைக்கு யார் நிதானமாக இருக்கிறார்களோ அவர்தான் அவனோடு உள்ளே போக வேண்டும். அது நீங்களாக இல்லாவிட்டால் குற்றவுணர்வு வேண்டாம். ஆனால் தேதிக்கு முன்பே அந்தப் புடைப்பு கல்லாக இறுகி, உள்ளே போகாமல் வலித்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கு மேல் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

பெரியவளைப் பற்றி: ஊசியின்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டுவது சிலருக்கு உண்டு, அது பலவீனம் இல்லை. அடுத்த ஊசியைப் படுத்தபடி போடச் சொல்லுங்கள். ஊசி போடாத கையும் இரண்டு கால்களும் விறைக்கும்படி பத்துப் பதினைந்து வினாடி இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கப் பழகட்டும்.

வீடு திரும்பிய பிறகு மகன் சில நாள் ஒட்டிக்கொண்டே திரிவான், படுக்கையில் சிறுநீர் போகலாம், கனவு கண்டு எழலாம். திட்டாதீர்கள். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள், அல்லது ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் பேசுங்கள்; கட்டணம் இல்லை. தையல் தானாகக் கரையக்கூடியதா, பிரிக்க வர வேண்டுமா என்று மதுரையிலிருந்து கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்க வேண்டும் என்றால், அதையும் அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.