அக்சென்ட் கிடக்கட்டும், 5 வருட முகவரியைத் தேடி எடுங்கள்

பிஎச்டிக்காக இங்கிலாந்து வந்து நான்கு மாதம் ஆகிறது, ஆய்வகமும் அறையுமாகவே பொழுது போகிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும் அறிவியல் சொல்லும் வேலையில் சேர ஆசை, ஆனால் என் உச்சரிப்பை நினைத்தால் பயம், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். தம்பி, நான் இங்கே வந்து 12 வருடம் ஆகிறது, உங்கள் நிலையில்தான் நானும் தொடங்கினேன்.

முதலில் காகித வேலை. பள்ளிகளுக்கு அறிவியல் சொல்லத் தன்னார்வலர்களை அனுப்பும் ஸ்டெம் அம்பாசடர் என்றொரு திட்டம் இருக்கிறது, அதில் பதிந்துகொள்ளுங்கள். பள்ளிக்குள் போவதற்கு வேண்டிய டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனையை அவர்களே இலவசமாகச் செய்து தருவார்கள். அந்தப் படிவத்தில் கடந்த 5 வருடம் எங்கெங்கே குடியிருந்தீர்கள் என்று தேதி இடைவெளி இல்லாமல் கேட்பார்கள், வெளிநாட்டில் இருந்த முகவரிகளும் இதில் சேர்த்தி. பழைய விடுதி முகவரியை எல்லாம் நான் நண்பர்களிடம் கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது, நீங்கள் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விசா. தொண்டு அமைப்புக்குத் தன்னார்வமாக உதவுவதில் சிக்கலில்லை. ஆனால் சம்பளம் இல்லாவிட்டாலும் ஒரு வேலைபோல நேரமும் கடமையும் நிர்ணயித்துச் செய்வது, மாணவர் விசாவின் வாரம் 20 மணி நேரக் கணக்கில் வந்துவிடும். மாணவர் விசாவில் சுயதொழிலும் கூடாது, அதனால் யாராவது பேச்சுக்குப் பணம் தருகிறோம் என்றால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

எடுத்த எடுப்பில் தனியாக மேடை ஏறவும் வேண்டாம். நான் ஏறினேன். ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஆன்டிபயாடிக் எதிர்ப்பு (மருந்துக்குச் சாகாமல் பாக்டீரியா தப்பித்துக்கொள்வது) பற்றி 40 ஸ்லைடு. பத்தாவது ஸ்லைடிலேயே பாதி வகுப்பு ஜன்னலைப் பார்த்தது, ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த தடவை வேறொருவர் போட்ட செயல்விளக்க மேசையில் உதவியாளராக நின்றேன். புற ஊதா விளக்கில் ஒளிரும் பசையைப் பிள்ளைகளின் கையில் தடவி, கழுவிவிட்டு வரச் சொல்லி, விளக்கைக் காட்டுவது, அவ்வளவுதான் வேலை. நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் இன்னும் ஒளிர்வதைப் பார்த்ததும் கேள்வி தானாக வந்தது, நான் பேசியது ரொம்பக் கொஞ்சம்.

மேசையோ மேடையோ கிடைக்கும் இடங்கள் நிறைய. மார்ச்சில் பிரிட்டிஷ் அறிவியல் வாரம், மே மாதம் பப்களில் ஆய்வாளர்கள் பேசும் பைன்ட் ஆஃப் சயின்ஸ் (குடிக்க வேண்டிய கட்டாயமெல்லாம் இல்லை). உங்கள் ஆய்வகத்தில் பெண்கள் இருந்தால் பெண் விஞ்ஞானிகள் தெருவில் பெட்டி மேல் ஏறி நின்று பேசும் சோப்பாக்ஸ் சயின்ஸ் பற்றியும் சொல்லுங்கள், 2011இல் லண்டனில் தொடங்கியது.

ஆனால் எனக்கு இதில் உண்மையாகப் பிடித்துப்போனது விழா மேசை இல்லை, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. வீட்டுக்குப் பக்கத்துச் சமூகக் கூடத்துக்கு நான் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியாவின் போஸ்டரோடு போனேன், அங்கே வந்த தாய்மார்களோ பிள்ளைக்குச் சளி என்று போனால் டாக்டர் மருந்தே தராமல் ஏன் திருப்பி அனுப்புகிறார் என்று கோபமாகக் கேட்டார்கள். சளி பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது என்று அங்கிருந்து பேச்சைத் தொடங்கிய பிறகுதான் போஸ்டருக்கே அர்த்தம் வந்தது. மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இந்த நாட்டிலேயே ரொம்ப நாள் இருந்தது, 2000இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக் குழு அறிக்கைதான் உரையாடல் வேண்டும் என்று அழுத்திச் சொன்னது. நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன். மூன்றாவது முறை போனபோது எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

அக்சென்ட்டைப் பற்றிக் கேட்டீர்களே. மெதுவாகப் பேசுங்கள், போதும். இத்தனை வருடத்தில் என் உச்சரிப்பைப் பற்றி ஒரே ஒரு பையன்தான் கேட்டான், “உங்க ஊரிலேயும் பாக்டீரியாவுக்கு இதே பெயர்தானா?” என்று. ஆமாம் என்றேன், அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.