வலுவான என்.எஃப்.எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி, கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முதல் சுற்றின் கடைசியில் எடுத்த வீரர் முதல் வருடம் ஆடவே இல்லை என்றால், அது வீணான தேர்வா?

முதல் வருடத்தை வைத்து அப்படிச் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. டிராஃப்டில் பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) போகாத 18 அணிகள் முதலில் எடுக்கும், இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்ற அணி 32ஆவதாக எடுக்கும். நடுவில் அணிகள் இடம் மாற்றிக்கொள்வது தனிக்கதை. ஆக, 25க்கு மேல் எடுக்கப்படுபவர் பெரும்பாலும் ஏற்கெனவே நல்ல ஆட்கள் நிறைந்த அணிக்குத்தான் போய்ச் சேர்கிறார். அவருடைய வளர்ச்சியைப் பாதி தீர்மானிப்பது அதே இடத்தில் அவருக்கு முன்னால் நிற்பவர் யார் என்பதுதான்.

நான் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ரசிகன். அதனால் கேமரன் ஹேவார்டைத்தான் முதலில் சொல்வேன். 2011 பிப்ரவரியில் கிரீன் பே பேக்கர்ஸிடம் சூப்பர் பவுலில் தோற்ற கையோடு, 31ஆவது ஆளாக ஸ்டீலர்ஸ் அவரை எடுத்தது. அந்த வருடம் ஓனர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் தகராறு. வீரர்களை உள்ளே விடாத லாக்கவுட் ஜூலை கடைசியில்தான் முடிந்தது. புதிய வீரர்களுக்குக் கோச்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய மாதங்கள் அப்படியே போய்விட்டன. தடுப்பாட்டத்தின் முன்வரிசையான டிஃபென்சிவ் லைனில் அவருக்கு முன்னால் பிரெட் கீசல், ஆரோன் ஸ்மித், ஸிக்கி ஹூட் என்று மூன்று பேர்.

இதற்கு மேல் தடுப்பாட்டக் கோச் டிக் லெபோவின் 3-4 முறை. லைனில் மூன்றே பேர் நின்று எதிரணியின் பெரிய ஆட்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பின்னாலிருக்கும் லைன்பேக்கர்கள் அந்த இடைவெளியில் பாய்ந்து, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பார்கள், அதுதான் சேக். கை எங்கே வைப்பது, எடையை எந்தக் காலில் போடுவது என்பதெல்லாம் நிதானமாகப் படிய வேண்டிய வேலை, செய்தாலும் எண்ணிக்கையில் தெரியாது. ஹேவார்ட் முதல் இரண்டு சீசன்களில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடக்க வரிசையில் ஆடவில்லை. இரண்டும் சேர்த்து வெறும் 2.5 சேக். அந்த நேரத்தில் அவரை வீண் என்று எழுதியவர்கள் உண்டு. 2013 சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஹூடின் இடம் அவருக்கு வந்தது. அப்புறம் அவரை யாராலும் வெளியே உட்கார வைக்க முடியவில்லை. 2017இல் 12 சேக்கோடு ஆல்-ப்ரோ (லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணியில் இடம்பிடித்தார். 2024இல், 35 வயதில், மறுபடியும் அதே கௌரவம்! எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த வளர்ச்சி இதுதான்.

ஸ்டீலர்ஸ் எல்லோரையும் இப்படிக் காத்திருக்க வைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2017இல் 30ஆவதாக வந்த லைன்பேக்கர் டி.ஜே. வாட் முதல் ஆட்டத்திலேயே தொடக்க வரிசையில் இறங்கி, இரண்டு சேக்கும் ஒரு இன்டர்செப்ஷனும் (எதிரணி எறிந்த பந்தைப் பிடிப்பது) எடுத்தார். திறமை ஒரு காரணம்தான். ஆனால் அந்த இடத்தில் ஆடிவந்த ஜேம்ஸ் ஹாரிசனுக்கு அப்போது 39 வயது, இடம் தயாராக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸைப் பாருங்கள். 2023இல் 30ஆவதாக நோலன் ஸ்மித்தை எடுத்தார்கள். அதற்கு முந்தைய சீசனில் ஹாசன் ரெடிக் 16 சேக், ஜாஷ் ஸ்வெட்டும் பிராண்டன் கிரஹாமும் ஆளுக்கு 11. அந்த வரிசையில் புதியவர் எங்கே நுழைவது? முதல் வருடம் ஒரே ஒரு சேக். அடுத்த வருடம் ரெடிக் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார், ஸ்மித்துக்கு ஆட்ட நேரம் கூடியது. சீசனில் 6.5 சேக், பிளேஆஃபில் இன்னும் நான்கு, கடைசியில் சூப்பர் பவுல் மோதிரம்.

காத்திருந்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2019இல் சாம்பியனான பேட்ரியட்ஸ் 32ஆவதாக எடுத்த, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவரான நிகீல் ஹாரிக்கு இடம் இருந்தது, எறிந்தவர் டாம் பிரேடி. ஆனால் காயத்தால் முதல் சீசனின் பாதி போனது, அதற்குப் பிறகும் அவர் எழவில்லை. 2022இல் சிகாகோ பேர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் எடுக்கப்பட்ட டீபோ சாமுவேலும் ஏ.ஜே. பிரவுனும் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள்.

சரி, உங்கள் அணியின் பையனை எப்படி எடைபோடுவது? சேக், கேட்ச் கணக்கை இரண்டாவது வருடம் வரை ஓரமாக வையுங்கள். சீசன் போகப்போக ஸ்நாப் எண்ணிக்கை (எத்தனை முறை களத்தில் இறங்கி ஆடுகிறார் என்பது) ஏறுகிறதா, அவருக்கு முன்னால் இருப்பவரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, இந்த இரண்டையும் கவனியுங்கள். முதல் சுற்று வீரர்களுக்கு மட்டும் ஒப்பந்தத்தை ஐந்தாவது வருடத்துக்கு நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. மூன்றாவது சீசன் முடிந்த பிறகு, மே மாதத் தொடக்கத்துக்குள் அதைச் சொல்லியாக வேண்டும். ஹேவார்டுக்கு ஸ்டீலர்ஸ் அதைப் பயன்படுத்தியது. அவர் முழுநேர ஆட்டக்காரராகி அப்போது ஒரு சீசன்கூட நிறையவில்லை.