வாடகை வீட்டை அத்தை விற்கலாமா?

கேள்வி: அத்தைக்கு 79 வயது. வாடகைக்கு விட்ட வீட்டைக் கவனிக்க முடியவில்லை. விற்கச் சொன்னால் தயங்குகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கையில் நிற்கும் வருமானத்தைப் பாருங்கள். ஆண்டு வாடகையில் ஒரு மாதத்தை, வீடு காலியாகக் கிடக்கும் காலத்துக்காகக் கழியுங்கள். சொத்து வரி, காப்பீடு, பழுதுச் செலவு போக மிச்சத்தை இன்றைய விலையால் வகுங்கள். விலை 100 என்றால் 4 வாடகை வந்து ஒன்றரை செலவானால், நிற்பது இரண்டரை சதவீதம்தான். பழுதுக்கு ஓராண்டுக் கணக்கு ஏமாற்றும். கூரை ஒழுகலும் குழாய் மாற்றமும் மொத்தமாக வந்து நிற்கும். ஐந்தாண்டுச் சராசரி எடுங்கள்.

விற்றால் தரகு, ஆதாய வரி (விற்பனை லாபத்துக்கான வரி), கடன் பாக்கி போக மிஞ்சுவதே அவர் பணம். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டில் வரி பெரிதாகக் கடிக்கலாம். விலை பேசும் முன்பே வரி ஆலோசகரிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அத்தையின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. வாடகையை விலைவாசியோடு உயர்த்தலாம்; விற்ற பணத்தை வங்கியில் போட்டால் வரும் நிலையான வட்டி அப்படி ஏறாது. அலுப்புதான் காரணம் என்றால், வசூலையும் பழுதுபார்ப்பையும் நம்பகமான ஒருவரிடம் ஆறு மாதம் விட்டுப் பாருங்கள். முதியோர் பராமரிப்புக்குப் பெருந்தொகை தேவைப்பட்டாலோ, சேமிப்பு முழுவதும் அந்த ஒரே வீட்டில் முடங்கியிருந்தாலோ விற்பதே நல்லது.

ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள்: நினைவு தெளிவாக இருக்கும்போதே பத்திரங்களைச் சரிபார்த்து, அவருக்காக வேறொருவர் செயல்பட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரமும் எழுதச் சொல்லுங்கள்; மறதி முற்றியபின்னும் அது செல்லுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். மறதி முற்றியபின் அவர் போடும் கையெழுத்தை யாரும் வழக்காக்கலாம். விற்ற பணம் அவர் பெயரிலுள்ள கணக்கிலேயே இருக்கட்டும்.