மரச்சீனியும் மீன் குழம்பும் சர்க்கரை நோயாளிக்கு ஆகாதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.6 இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறார். மீன் குழம்பு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), புட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவருக்கு மட்டும் கோதுமைக் கஞ்சியும் வேகவைத்த காய்கறியும் கொடுக்கிறேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். பிறகு களியக்காவிளைக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிறார். வாய்க்கு ருசியாக, சர்க்கரையும் ஏறாமல் சமைக்க வழியே இல்லையா?
- வாசகி, பாறசாலை

பதில்: அன்புள்ள சகோதரி, தாராளமாக வழி இருக்கிறது. முதலில், அவருக்கென்று தனியாக ஏற்றும் அந்தச் சின்னப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். பத்தியச் சோறு என்று ஒதுக்கி வைத்தால் எந்த மனிதருக்கும் சாப்பாட்டின் மேல் வெறுப்பு வரும். அந்த வெறுப்புதான் அவரைப் பரோட்டாக் கடைக்கு அனுப்புகிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற தேசியச் சர்க்கரை நோய் ஆய்வு, கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே அவருக்கு ஏற்ற சமையலையே வீட்டில் எல்லோரும் சாப்பிடுவது நல்லது.

மீன் குழம்பை நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். சாளை மீனில் (மத்தி) மாவுச்சத்து இல்லை. நல்ல புரதமும் இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பும் இருக்கின்றன. மண்சட்டியில் குடம்புளி போட்டு எப்போதும் போல வையுங்கள். தேங்காயை மட்டும் பாதியாகக் குறையுங்கள். தேங்காய் சர்க்கரையை ஏற்றாது, ஆனால் அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். குழம்பு நீர்த்துப் போகுமே என்று கவலைப்படாதீர்கள். கொத்தமல்லி விதையையும் ஒரு கைப்பிடி சின்ன உள்ளியையும் (சின்ன வெங்காயம்) நன்றாக வதக்கித் தேங்காயோடு சேர்த்து அரைத்தால் கெட்டிப்படும். முருங்கைக்காயும் இரண்டு துண்டு மாங்காயும் போட்டால் குறைந்த தேங்காய் யாருக்கும் தெரியாது. மீனைப் பொரிப்பதற்குப் பதில் மிளகு, மஞ்சள், மிளகாய் தடவி வாழையிலையில் பொதிந்து தோசைக்கல்லில் சுட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும்.

சர்க்கரை ஏறுவது குழம்பால் அல்ல, அதற்கு அடியில் குவிந்திருக்கும் சோற்றால். சிவப்புச் சம்பா அரிசியில் தவிடு கொஞ்சம் மிஞ்சியிருப்பதால் வெள்ளையரிசியைவிட அது மேல்தான். அதற்காக இரண்டு மடங்கு சாப்பிட முடியாது. கஞ்சியை வடித்துவிட்டால் சர்க்கரையும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். வடிநீரில் போவது மாவுச்சத்தில் கொஞ்சமே. வேகவைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மரச்சீனியில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே மரச்சீனி சாப்பிடும் நாளில் சோறு வேண்டாம். நடுத்தரத் துண்டுகளாக மூன்று, அதன் மேல் தாராளமாக மீன் குழம்பு, பக்கத்தில் ஒரு துவரன் (தேங்காய் போட்ட பொரியல்). அது முழுச் சாப்பாடு. மரச்சீனி வேகவைத்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இயற்கையாகவே இருக்கும் நஞ்சு அப்படித்தான் குறையும்.

தட்டில் பாதி இடத்தைக் காய்கறிக்குக் கொடுங்கள் என்று சொல்கிறோம். வெறும் வேகவைத்த காயை யார் அவ்வளவு சாப்பிடுவார்கள்? உங்கள் ஊர்த் துவரன் அதற்கென்றே பிறந்தது போல இருக்கிறது. வாழைப்பூவைப் பொடியாக நறுக்கி, வேகவைத்த சிறுபயறு ஒரு கைப்பிடி சேருங்கள். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அதில் பூவையும் பயறையும் கொட்டி மூடி வையுங்கள். தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி, சீரகம், பச்சை மிளகாய், உள்ளி, மஞ்சள் இவற்றை ஒன்றிரண்டாகச் சதைத்துக் கடைசியில் போட்டுப் புரட்டி இறக்குங்கள். பயற்றங்காய், முட்டைக்கோஸ், முருங்கைக்கீரை எல்லாம் இதே வழியில் வரும். சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் துவரனும் மீனும், பிறகு சோறு. காய்கறியையும் புரதத்தையும் முன்னால் சாப்பிட்டால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது.

புட்டுக்குக் கடலைக்கறி அருமையான துணை. ஏத்தன் பழமும் (நேந்திரம் பழம்) சீனியும் வேண்டாம். புட்டில் ஒரு துண்டு, கடலை ஒரு கிண்ணம் என்று அளவைத் திருப்பிப் போடுங்கள். கோதுமையில் மாயம் எதுவும் இல்லை: கஞ்சியாகக் குடித்தால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். கருப்பட்டியும் சர்க்கரைதான், "பனையில் வருவதுதானே" என்று சமாதானம் சொல்ல வேண்டாம். அப்பளம், ஊறுகாய், கருவாட்டில் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் இருந்தால் அளவோடு.

இனி, சமையலைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வெறும் கட்டங்காப்பியோடு (பால் சேர்க்காத காப்பி) கிளிமிபிரைடை விழுங்கிவிட்டு அவர் மரம் மரமாக நடந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். அந்த மாத்திரை முதல் முழு உணவோடுதான். இப்போது சோற்றைக் குறைக்கப் போகிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் அல்லது சர்க்கரை பார்க்கும் கருவியில் 70க்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். தோட்டத்துக்குப் போகும்போது அவர் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். மழையால் வெட்டு நிற்கும் நாட்களில் நடை குறைவதால் சோற்றையும் அன்று குறைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், மரச்சீனி சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 180க்குள் இருந்தால் அந்த அளவு அவருக்குப் பொருந்துகிறது. தாண்டினால் அடுத்த முறை ஒரு துண்டைக் குறையுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையும் ரத்தக் கிரியாட்டினினும் இந்த ஆண்டு பார்க்கவில்லை என்றால் உடனே பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மீன், பயறு அளவை மருத்துவரிடம் கேட்டு வேறு விதமாக வகுக்க வேண்டும்.